எந்த வருடத்திலிருந்து

பிப்ரவரி 4

வணக்கம்.

நலமா? நான் அப்படியே இருக்கிறேன்.

உங்கள் பெயருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிரித்துவிட்டேன். நீங்கள் இங்கே இருந்த நாட்களிலும் உங்கள் கடிதங்களைப் பிரித்தது நான்தான். கை பழக்கத்தில் கிழித்துவிட்டது. இதனுடன் வைத்திருக்கிறேன். வருடாந்திரப் பரிசோதனைக்குப் போன மாதமே போயிருக்க வேண்டுமாம். கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருக்கிறது, விட்டுவிடாதீர்கள். குடல் அழற்சி தொடங்கி எட்டு ஆண்டுகள் ஆனதும் பெருங்குடலைக் கேமரா விட்டுப் பார்ப்பார்களாம். உங்களுக்கு அது இரண்டு ஆண்டுகள் கழித்து என்று போட்டிருக்கிறார்கள்.

நீங்கள் கிளம்பிப் போய் எட்டு மாதம் ஆகிறது. புது முகவரியை ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்ததையும் நான்தான் பிரிப்பேன்.

தொலைபேசியில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் சண்டை வருகிறது, அவசியம் என்றால் எழுதிக்கொள்வோம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். இது அவசியம் என்று தோன்றியது. மற்றபடி செய்தி ஒன்றும் இல்லை. மாடிப்படி விளக்கு இரண்டு வாரமாக எரியவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னால், "இதோம்மா, நாளைக்கே" என்கிறார். அவருடைய நாளை எப்போது வரும் என்று உங்களுக்கே தெரியும்.

மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்கள்தானே? கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய முகவரியில் இருப்பவள்

பிப்ரவரி 12

அன்புள்ள ரேடியோவுக்கு,

பழைய பெயரில் கூப்பிட்டதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நாள் முழுக்கக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, பார்வையில்லாத மாணவர்களுக்காகப் பாடப்புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

நான் நன்றாக இருக்கிறேன். வழக்கமாகச் சொல்கிற நன்றாக இல்லை, நிஜமாகவே. ஒரு வருடமாக ரத்தம் இல்லை, வயிற்றுவலி இல்லை. அதனால் நான்கு மாதம் முன்பு மாத்திரையை நிறுத்திவிட்டேன். திட்ட வேண்டுமானால் இங்கே ஒரு வரி இடம் விடுகிறேன், நீயே எழுதிக்கொள். நன்றாக இருக்கிறவன் எதற்காக நாளுக்கு ஆறு மாத்திரை விழுங்க வேண்டும், நீயே சொல்.

என் அறை ஒரு தையல் கடைக்கு மேலே இருக்கிறது. பகலெல்லாம் இயந்திரம் ஓடும் சத்தம். ஜன்னல் திறந்தால் பக்கத்துச் சுவர். வாடகைக்குப் பார்க்க வந்த அன்று ஜன்னலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கழிப்பறை அறைக்குள்ளேயே இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன், சாவியை வாங்கிக்கொண்டேன்.

வேலை பதினொரு மாடிக் கட்டிடம் ஒன்றில் ஓடுகிறது. அதே உதவியாள் குண்டூசியும் நானும்தான். ஐந்தாம் மாடி அம்மா தினமும் வந்து, "ஏம்ப்பா, லிஃப்ட் எப்ப ஓடும்?" என்று கேட்கிறார். குண்டூசி நேற்று, "ஏர்றதுக்கு ரெடிம்மா, எறங்குறதுக்குத்தான் இன்னும் ரெண்டு நாள் ஆகும்" என்றான். அந்த அம்மா அதையும் நம்பி, "சரி, ஏத்தி விடு, அதுக்குள்ள சரியாயிடும்ல" என்றார்.

பரிசோதனைக்கு நேரம் கிடைக்கும்போது போகிறேன். இரண்டு வருடம் இருக்கிறதே.

அன்புடன்,
லிஃப்ட்காரன்

பிப்ரவரி 22

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

நீங்கள் விட்ட ஒரு வரி போதாது. அதனால் அதில் எழுதவில்லை.

போன வாரம் ஒரு புதுப் புத்தகம் ஆரம்பித்தோம். பார்வையில்லாத ஒரு மாணவி பிசியோதெரபி படிக்கிறாள், அவளுக்கான நோயியல் பாடம். புதன்கிழமை வந்த அத்தியாயம் நாள்பட்ட அழற்சி. பெருங்குடல் அழற்சி என்ற இடம் வந்ததும் என் குரல் நின்றுவிட்டது. திரும்ப ஆரம்பித்தேன், திரும்ப அதே இடம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"என்ன ஆச்சு உனக்கு? மூணு தடவையா ஒரே வரியில நிக்கிற."

"தொண்டை கட்டிக்கிச்சுக்கா."

"தொண்டையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் கேக்குதே. யாருக்கு உடம்பு சரியில்ல?"

நான் தாளை முன்னும் பின்னும் புரட்டினேன். அவர் பதிவை நிறுத்திவிட்டு, எனக்குத் தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார்.

நான் வாசித்ததை என் வார்த்தையில் சொல்கிறேன். குடலின் உள்தோல் புண்ணாகிறது, ஆறுகிறது, மறுபடி புண்ணாகிறது. ஒவ்வொரு முறை ஆறும்போதும் உடம்பு புதுச் செல்களைச் செய்ய வேண்டும், பழையதைப் பார்த்து அப்படியே. வருடக்கணக்கில் இது நடந்தால் எங்கோ ஒன்றில் பிழை வருகிறது. எனக்கு இது புரிந்தது என் வேலையால். ஒரு வரியை முதல் முறை சரியாக வாசித்துவிடுவேன். வெளியே வண்டிச் சத்தம் விழுந்தது, மறுபடி வாசி என்பார்கள். பதினைந்தாவது முறை வாசிக்கும்போது நாக்கு இல்லாத பிழையெல்லாம் பண்ணும். அப்படி மாறிய செல்கள் பல சமயம் கட்டியாகக்கூட எழும்பாமல் தோலோடு தோலாகத் தட்டையாக இருக்குமாம். வலிக்காது. நன்றாக இருப்பதாகவே தோன்றும். அதைக் கவனிக்காமல் விட்டால் புற்றுநோயாகலாம்.

எல்லோருக்கும் வருவதில்லை, பெரும்பாலானவர்களுக்கு வருவதே இல்லை என்றும் எழுதியிருந்தது. நோய் தொடங்கி எட்டு வருடத்துக்குப் பிறகுதான் அபாயம் மெல்ல ஏறத் தொடங்குமாம். குடல் முழுக்க அழற்சி இருந்தவர்களுக்கு அதிகம். உங்களுக்கு முழுக்க என்று முதல் சோதனையில் சொன்னார்கள். விரல் விட்டு எண்ணினேன். நமக்குக் கல்யாணமான மூன்றாம் மாதம் தொடங்கியது, ஆறு வருடம் ஆகிறது. ஆக இன்னும் இரண்டு இருக்கிறது. வெளியே போய் ஒரு டீ வாங்கிக் குடித்தேன். அவ்வளவு நிம்மதியாக ஒரு டீ குடித்து ரொம்ப நாளாயிற்று.

மாத்திரையை மட்டும் திரும்ப ஆரம்பியுங்கள். ஊரில் இருக்கிற லிஃப்ட்டுக்கெல்லாம் அடுத்த சோதனைத் தேதி போட்டு அட்டை ஒட்டுகிறவர், தன் தேதியைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறார். ஐந்தாம் மாடி அம்மாவிடம் சொன்னால் சிரிப்பார்.

அன்புடன்,
ரேடியோ

மார்ச் 2

அன்புள்ள உனக்கு,

உன் கடிதத்தை லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்து படித்தேன். நீ டீ குடித்த இடம் வந்ததும் மடித்துப் பையில் வைத்துவிட்டேன். ஐந்து நாளாக அது பையிலேயே இருக்கிறது. குண்டூசி இரண்டு முறை, "அண்ணே, திருப்புளியைத் தலைகீழாப் புடிச்சிருக்கீங்க" என்றான்.

அந்த நிம்மதி தப்பான கணக்கில் வந்தது. ஆறு வருடம் இல்லை. பன்னிரண்டு.

அப்போது எனக்கு இருபது வயது, தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்த முதல் வருடம். விடுதியில் முப்பது பேருக்கு இரண்டு கழிப்பறை. ரத்தத்தைப் பார்த்ததும் மூலம் என்று நினைத்து மருந்துக் கடையில் களிம்பு வாங்கினேன். இரண்டு மாதம் படுத்தும், ஐந்து மாதம் ஒன்றும் இருக்காது. யாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? நம் கல்யாணப் பேச்சின்போது உன் அம்மா, "பையனுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே" என்று கேட்டார். "கல்லு மாதிரி இருக்கான்" என்றாள் என் அம்மா. அவளுக்கும் தெரியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன்.

மூன்றாம் மாதம் குளியலறைத் தரையில் விழுந்து கிடந்தவனை நீதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாய். டாக்டர், "எவ்வளவு நாளா இருக்கு?" என்றார். என் பையை மடியில் வைத்துக்கொண்டு நீ பக்கத்து நாற்காலியில் இருந்தாய். ஆறு வருடம் என்று சொன்னால் நான் தலையாட்டியது பொய் என்று உனக்குத் தெரிந்துவிடும். "ஒரு மாசமா டாக்டர்" என்றேன். அடுத்த முறை தனியாக வரும்போது திருத்திச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த முறையும் நீ வந்தாய். ஒவ்வொரு முறையும் வந்தாய். டாக்டர்கள் மாறினார்கள், ஒவ்வொருவரும் ஃபைலைப் பார்த்து அதையே எழுதிக்கொண்டார்கள்.

லிஃப்ட்டின் வயதை அட்டை ஒட்டிய நாளிலிருந்து எண்ணக் கூடாது, கயிறு முதல் முறை பாரம் தூக்கிய நாளிலிருந்து எண்ண வேண்டும். இதைக் குண்டூசிக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்.

இன்னொன்று. உன் தங்கை கல்யாணத்துக்குப் போகும்போது பேருந்து நிலையத்தில் இறங்கிப் போய்விட்டேனே. ஆறு மணி நேரப் பயணம், வண்டியில் கழிப்பறை கிடையாது, வழியில் எங்கே நிறுத்துவார்கள் என்று ஓட்டுநருக்கே தெரியாது. அன்று காலையிலிருந்து எனக்கு ஏழு முறை ஆகியிருந்தது. வேலை வந்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேன்.

நான்

மார்ச் 6

படித்தேன்.

இதற்கு நான் எழுத வேண்டிய பதிலை இப்போது எழுத மாட்டேன். எழுதினால் என்னைச் சமாதானப்படுத்துவதிலேயே நீங்கள் ஒரு மாதத்தை ஓட்டிவிடுவீர்கள். பன்னிரண்டு என்பதை என்னிடம் சொன்னால் போதாது, டாக்டரிடம் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை எட்டு மணிக்குப் புறநோயாளிப் பிரிவு திறக்கும். எண் வாங்க ஏழரைக்கே போய் நில்லுங்கள். பக்கத்து நாற்காலியில் யாரும் இருக்க மாட்டார்கள்.

உங்கள் அம்மா கல் மாதிரி என்று சொன்னபோது நானும் அந்த அறையில்தான் இருந்தேன். உங்களைப் பார்த்துச் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள்.

மார்ச் 16

அன்புள்ள உனக்கு,

கையெழுத்துப் போடாத கடிதம் கிடைத்தது. போனேன். ஏழேகாலுக்கே.

இப்போது இருப்பது ஒரு பெண் டாக்டர். ஃபைலைப் புரட்டி, "ஆறு வருஷமா இருக்கு, இல்லையா?" என்றார்.

"இல்ல டாக்டர். பன்னெண்டு."

"இதுல ஆறுன்னு இருக்கே?"

"நான் பொய் சொல்லிட்டேன். பக்கத்துல என் மனைவி இருந்தாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "மனைவிக்குத் தெரியக் கூடாதுன்னு சொன்னீங்க, சரி. உங்க குடலுக்கு அந்தப் பொய் தெரியாதே. அது பாட்டுக்கு எண்ணிக்கிட்டுத்தானே இருந்திருக்கும்."

பிறகு பழைய தேதிகளை ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, பக்கத்தில் சிவப்பு மையில் புது வருடத்தை எழுதினார். ஒன்பது இடத்தில். எண்ணினேன். நாலு வருடத்துக்கு முன்பே கேமரா சோதனை ஆரம்பித்திருக்க வேண்டுமாம். மாத்திரையை நிறுத்தியதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "மாத்திரை வலிக்குன்னா நெனச்சீங்க? அழற்சி அடங்கியே இருக்கணும், அதுக்குத்தான் அது. வலி இல்லன்னா உள்ள ஒண்ணும் இல்லன்னு அர்த்தம் இல்ல." நான் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தேன் போல. "பயப்படாதீங்க. பாக்குறதே, ஏதாவது இருந்தா சீக்கிரமாப் புடிக்கத்தான்" என்றார்.

ஏப்ரல் 3, காலை பத்து மணி. மயக்கம் கொடுப்பார்கள், கூட்டிப் போக ஒருவர் வந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் செய்ய மாட்டார்கள். குண்டூசியைக் கேட்டேன்.

"கேமராவா? எந்தப் பக்கமாண்ணே விடுவாங்க?"

"உனக்கு எந்தப் பக்கம்னு தோணுது?"

ரொம்ப நேரம் யோசித்தான். "நான் வெளியவே நிக்கிறேண்ணே."

வெளியே நின்றால் போதும் என்று சொல்லிவிட்டேன். படிவத்தில் கூட வருபவர் பெயர், உறவு என்று இரண்டு இடம் இருக்கிறது. இன்னும் நிரப்பவில்லை.

நீ எழுத வேண்டிய பதில் எப்போது வந்தாலும் படிப்பேன். சமாதானப்படுத்த மாட்டேன்.

லிஃப்ட்காரன்

மார்ச் 20

லிஃப்ட்காரருக்கு,

குண்டூசி வெளியே நிற்கட்டும். உள்ளே நான் வருகிறேன். உறவு என்ற இடத்தில் எழுத வேண்டியதை எழுதுங்கள். சட்டப்படி இன்னும் அதுதான்.

இதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என் கோபம் அப்படியே இருக்கிறது, ஆனால் இடம் மாறியிருக்கிறது. அன்று பேருந்து ஜன்னல் வழியாக நீங்கள் கூட்டத்துக்குள் மறைவதைப் பார்த்தேன். என் வீட்டு மனிதர்கள் உங்களுக்குப் பிடிக்கவில்லை, என்னையும் பிடிக்கவில்லை என்று ஆறு மணி நேரமும் நினைத்துக்கொண்டே போனேன். அதற்குப் பிறகு இரண்டு வருடமும் நினைத்தேன். "உங்களுக்கு நான் வேண்டாமா" என்று கேட்ட அன்று நீங்கள் பதில் சொல்லாமல் பெட்டியை எடுத்தீர்கள். இந்த வண்டியில் கழிப்பறை இல்லை என்று சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்? நான் என்ன நினைத்துவிடுவேன் என்று நினைத்தீர்கள்?

முந்தின நாள் திட உணவு கூடாது. அவர்கள் கொடுக்கும் மருந்துத் தண்ணீரை முழுக்கக் குடியுங்கள், பாதியைச் செடிக்கு ஊற்றாதீர்கள். குடல் சுத்தமாக இல்லாவிட்டால் தட்டையாக இருப்பது கண்ணில் படாது. ஒன்பதரைக்கு வாசலில் இருப்பேன்.

ரேடியோ

ஏப்ரல் 18

அன்புள்ள ரேடியோவுக்கு,

இன்று திசுச் சோதனை முடிவு வந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். புற்றுநோய் இல்லை.

அன்று நீல மருந்து தெளித்துப் பார்த்ததில் இடது பக்கம் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு தட்டையான இடம் தெரிந்தது, அதை வெட்டி எடுத்துவிட்டோம் என்றார்களே, அதில் செல்கள் மாறத் தொடங்கியிருந்தன. தொடங்கியிருந்தன, அவ்வளவுதான். ஓரமெல்லாம் சுத்தமாக இருக்கிறது, முழுதாக வந்துவிட்டது. மற்ற இடங்களில் எடுத்த துணுக்குகளில் ஒன்றும் இல்லை. டாக்டர் தாளை இரண்டு முறை படித்தார். "ஃபைல்ல இருந்த கணக்குப்படி ரெண்டு வருஷம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா, நான் வேற மாதிரிப் பேசிக்கிட்டிருப்பேன்" என்றார். ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும், அதன் பிறகு வருடா வருடம். மாத்திரை தினமும்.

வெளியே வந்து நடந்தேன். கீழே குண்டூசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். "என்னண்ணே இப்படி மூச்சு வாங்குது? என்ன சொன்னாங்க?" என்று பயந்துவிட்டான். அப்போதுதான் தெரிந்தது, ஏழு மாடியும் படியில் இறங்கி வந்திருக்கிறேன். லிஃப்ட் பக்கத்திலேயே இருந்தது. என் கையால் அட்டை ஒட்டிய லிஃப்ட். விஷயத்தைச் சொன்னதும் குண்டூசி சிரித்து, அழுது, கடைசியில் என் பையை வாங்கிக்கொண்டான். சாயங்காலம் வரைக்கும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அன்று நீ வந்ததற்கு நன்றி என்று எழுதினால் யாரோ போல இருக்கிறது. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நான் என்ன நினைத்தேன் என்று மார்ச் மாதம் கேட்டிருந்தாய். நீ முகம் சுளிப்பாய் என்று நினைக்கவில்லை. பரிதாபப்படுவாய் என்று நினைத்தேன். உன் பரிதாபம் எனக்கு வேண்டாம் என்று இருந்தது. அதற்கு விலையாக உன்னையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. வேண்டாம் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

லிஃப்ட்காரன்

ஏப்ரல் 22

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தைக் கண்ணாடி அறைக்குள் படித்தேன். முதல் பத்தி முடிந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ஒலிப்பதிவு அக்கா அந்தப் பக்கத்திலிருந்து கையால் என்ன என்று கேட்டார். ஒலிவாங்கி திறந்திருப்பதை மறந்து, "அவருக்கு ஒண்ணும் இல்லக்கா" என்றேன். ஒரு அத்தியாயத்தின் நடுவில் அது பதிவாகிவிட்டது. அக்கா வெட்டி எடுத்துவிட்டார். எடுப்பதற்கு முன் இரண்டு முறை போட்டுக் கேட்டார்.

சோதனை முடிந்து மயக்கம் தெளியும்போது நீங்கள் என்ன பேசினீர்கள் என்று நான் சொல்லவில்லை. செவிலியரிடம் இது எத்தனையாவது மாடி என்று கேட்டீர்கள். ஏழு என்றார். "பாரம் அதிகம், ஒருத்தர் எறங்கணும்" என்றீர்கள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவங்க எறங்க வேண்டாம்" என்றீர்கள். செவிலியர் சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இந்த மூன்று வாரமும் நான் ஒரு விஷயத்தையே யோசித்துக்கொண்டிருந்தேன். இருபது வயதில் முப்பது பேர் இருந்த விடுதியில், ஒரு களிம்புக் குழாயை வைத்துக்கொண்டு தனியாக இருந்த ஒருவரை. எனக்கு அவரைத் தெரியாது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மாசம் என்று சொன்னவர்மேல் இருக்கிறது, அது தீர நாளாகும். தீரும் என்றுதான் நினைக்கிறேன்.

பொய் சொன்னது நீங்கள் மட்டும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருந்தபோது ஒவ்வொரு முறையும் கழிப்பறைக்குள் போனதும் வாளிமேல் இருக்கும் குழாயை முழுக்கத் திறந்துவிடுவீர்கள், சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று. எதற்காகத் திறக்கிறீர்கள் என்று எனக்கு முதல் வருடத்திலேயே தெரியும். நன்றாக இருக்கிறேன் என்று நீங்கள் சொன்ன நாட்களில் அது எத்தனை முறை திறந்தது என்பதும் தெரியும். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எதுவும் காதில் விழாதவள் போல உட்கார்ந்திருந்தேன். அதைத்தான் நாகரிகம் என்று நினைத்தேன். ஒரு முறை கதவைத் தட்டி, "ரொம்ப முடியலையா" என்று கேட்டிருந்தால் போதும்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம். சனிக்கிழமை வாருங்கள். முதலில் பெட்டி இல்லாமல் வாருங்கள். பேசிப் பார்ப்போம், மூன்றாவது நிமிடம் தாண்டுகிறதா என்று. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உள்ளே இருந்துகொள்ளுங்கள். குழாயை மட்டும் திறக்காதீர்கள். எனக்குக் கேட்டால் பரவாயில்லை.

உங்கள்,
ரேடியோ